கெளுத்தியின் பெயர்

உலகத்து உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்களால் ஆன ஓர் அறிவியல் பெயர் உண்டு என்பதை மாணவர்களாகிய நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வகுத்த முறை அது. அப்பெயர்களில் பெரும்பாலானவை இலத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ எடுக்கப்பட்டவை. ஆகையால் அவற்றைக் கண்டதும், நமக்கும் இவற்றுக்கும் என்ன உறவு என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இன்று அத்தகைய பெயர் ஒன்றன் முன் சற்று நின்று பார்க்கும்படி உங்களை அழைக்கிறேன்.

நம் ஏரி குளங்களில் வாழும் சிறு மீன் ஒன்றுக்கு மிஸ்டஸ் கெலெட்டியஸ் என்று பெயர். இரண்டாம் சொல்லை இலத்தீன் அகராதியில் தேடிப் பயனில்லை. அதை வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். இறுதியில் ஒட்டவைத்த வாலை நீக்கிவிட்டால் எஞ்சுவது 'கெலெட்டி'. நம் வீட்டுப் பெண்மணிகள் மீன்காரியிடம் விலை கேட்கும்போது சொல்லும் கெளுத்தி என்னும் சொல்லே அது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதிக்கொண்ட தமிழ்ச் சொல், 1840-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் அச்சேறி, இன்று வரை உலகத்து அறிஞர் அனைவராலும் வழங்கப்பட்டு வருகிறது.

புதுச்சேரி நகரை ஒட்டிய கதிர்காமத்தில் வசிக்கும் எனக்கு இந்தச் சொல்லின் வரலாற்றில் ஒரு தனிப்பற்று உண்டு. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்த நிலப்பகுதியைச் சேர்ந்தது. அந்த ஆட்சி எங்களிடமிருந்து எவற்றையெல்லாம் கொண்டு சென்றது என்று பேசுவோர் நீலத்துணியையும் நெசவையும் சொல்வார்கள், மீனைச் சொல்வதில்லை. மீனோடு சொல்லும் சென்றது என்பதைச் சொல்வோர் அதனினும் அரியர்.

முதலில் மீனைப் பார்ப்போம். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் கடல் மீன்களுக்கே முதலிடம். ஆயினும் ஏரி மீன் வரும் நாட்களில் ஒரு மூலையில் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் கெளுத்தி நெளிந்து கொண்டிருக்கும். அதன் உடம்பில் செதில் கிடையாது. தோல் வழவழவென்று இருக்கும். அந்த வழுவழுப்பைப் போக்கச் சாம்பலும் கல்லுப்பும் இட்டுத் தேய்த்துக் கழுவுவது நம் அடுக்களை வழக்கம். வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள் உண்டு. முதுகிலே ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முட்கள். முதுகு முள்ளுக்குப் பின்னால், வாலுக்கு முன்பாக, நரம்பில்லாத கொழுப்புத் துடுப்பு ஒன்று நீண்டு கிடக்கும்.

கெளுத்தியைப் பிடிக்கத் தெரியாதவன் அதைத் தொடவே கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அம்முட்களின் அமைப்பு அப்படி. முள்ளின் அடிப்பகுதி மூட்டிலே திருகி நிற்கும்படி அமைந்திருக்கிறது; அச்சம் கொண்ட மீன் முள்ளை விரித்துவிட்டால் கதவுக்குத் தாழ் இட்டதுபோல் அது இறுகி விடும். வலிந்து மடக்க முயன்றால் முள் ஒடியுமே ஒழிய மடங்காது. விழுங்க வந்த நாரையின் தொண்டையில் அது என்ன பாடுபடுத்தும் என்பதை நீங்களே எண்ணிக் கொள்ளலாம். பக்க முள்ளை அதன் குழியில் உராயச் செய்து கிரீச்சென்று ஒலி எழுப்பவும் இம்மீனுக்குத் தெரியும். கையில் எடுத்தவுடன் கெளுத்தி கத்துகிறது என்று சிறுவர்கள் சொல்வது வெறுங் கற்பனையன்று.

இனி, கடல் கடந்து வட அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்குள்ள பேரேரிகளிலும், மெதுவாக ஓடும் ஆறுகளிலும், சேறு படிந்த குட்டைகளிலும் வாழும் மீன் ஒன்றைப் பழுப்புத் தலையன் என்று நாம் தமிழில் சொல்லலாம். அறிவியலார் அதை அமெயுரஸ் நெபுலோசஸ் என்பர். ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை வளர்வது சாதாரணம். செதில் இல்லை. மீசை நான்கு இணை. முட்கள் மூன்று, முட்களுக்குத் தாழும் உண்டு. கொழுப்புத் துடுப்பும் உண்டு, ஆனால் நம் கெளுத்தியினுடையதைப் போல நீளமானதன்று. மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பில் கரும்புகை படிந்தாற்போலத் திட்டுத்திட்டான நிறம்.

இவ்வளவு ஒப்புமை இருந்தும் இரண்டும் உடன்பிறந்தவை அல்ல. நம் கெளுத்தி ஆசியாவிலே பல்கிய ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. பழுப்புத் தலையனோ வட அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் காணப்படாத குடும்பத்தைச் சேர்ந்தது. மீசை மீன்கள் என்னும் பெருங்குலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அக்குலத்தின் இரு தொலைதூரக் கிளைகள் இவை.

அமெரிக்க மீனின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் வியப்பான செய்திகளைச் சொல்கிறார்கள். கலங்கிய நீரிலும் இரவின் இருளிலும் இரை தேடுவதற்குக் கண் பெரிதும் உதவாது. ஆகவே இம்மீனுக்கு உடம்பெல்லாம் நாக்கு. நாம் நாவினால் மட்டுமே சுவை அறிகிறோம்; இம்மீனின் மீசையிலும், உதட்டிலும், விலாவிலும், வால் வரையிலும் சுவை அரும்புகள் பரந்திருக்கின்றன. இவ்வகை மீன் ஒன்றன் உடம்பில் அவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செவிப்புலனும் கூரியது. நீந்துவதற்குத் துணையான காற்றுப்பை நீரின் அதிர்வை வாங்கிக் கொள்ள, அதிலிருந்து சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று அந்த அதிர்வை உட்செவிக்குக் கொண்டு சேர்க்கிறது. ஜெர்மானிய அறிஞர் வேபர் 1820-ஆம் ஆண்டில் இந்த எலும்புகளை விளக்கி எழுதினார். மீசை மீன்களுக்கும் கெண்டை மீன்களுக்கும் இது பொதுவான செல்வம்.

பெற்றோர் கடமையிலும் பழுப்புத் தலையன் தவறுவதில்லை. நீரடியிலே பள்ளம் பறித்து முட்டையிட்டு, அவற்றைக் காத்து, துடுப்பால் விசிறி நீரோட்டம் உண்டாக்கும். குஞ்சுகள் பொரிந்த பின் அவை கரிய பந்துபோலத் திரண்டு திரிய, தாயோ தந்தையோ சுற்றிச் சுற்றிக் காவல் வரும். நம் கடலோரத்துக் கடற்கெளுத்தியின் கதை இதனினும் விந்தையானது. அதன் ஆண் மீன் முட்டைகளை வாயிலே அடக்கிக் கொண்டு, அவை பொரியும் வரை இரை உண்ணாமல் கிடக்கும்.

தமிழர் இம்மீனை எப்போது அறிந்தனர் என்று கேட்பது வீண். குளம் தொட்ட நாள் முதலாக அறிவர். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. நீரைத் தேக்கி வைப்பதன் இன்றியமையாமையை அரசனுக்கு எடுத்துரைத்த பாட்டு என்பதால் அதை நீங்கள் வகுப்பிலே படித்திருக்கவும் கூடும். அதில் அவர் அரணைச் சூழ்ந்த அகழியின் மீன்களைச் சொல்லும்போது ஆரல், வரால் ஆகியவற்றோடு கெடிறு என்பதையும் சொல்கிறார். கெடிறு என்பதும் கெளிறு என்பதும் கெளுத்தி என்பதும் ஒரு மீனினத்தின் பெயர்கள். புலவர் கற்பனைக்காக அமைத்துக் கொண்ட மீன்கள் அல்ல இவை. மூன்றும் சேற்று நீரில் வாழ்பவை. அகழியில் இருக்கத் தக்கவை.

மேனாட்டு அறிவியல் இம்மீன்களை எதிர்கொண்டது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். அதற்கு வாயிலாக அமைந்த முதல் ஊர் புதுச்சேரியன்று, தரங்கம்பாடி. அது அந்நாளில் டேனியரின் வசம் இருந்தது. 1771-ஆம் ஆண்டில் அங்கு வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார் 1813-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். சமயப் பணியோடு பள்ளிப் பணியும் செய்தவர். கிளிஞ்சல், மீன், பாம்பு முதலியவற்றைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்புவதிலும் தணியாத ஆர்வம் கொண்டவர். பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்குஸ் பிளாக் அவரிடமிருந்து பெற்ற மீன்களைத் தம் பெருநூலில் வண்ணப் படங்களுடன் வெளியிட்டார். 1794-ஆம் ஆண்டில் அந்நூலில் இடம் பெற்ற நம் நாட்டு மீசை மீன்கள் இரண்டு. உடம்பில் நீளக் கோடுகள் உடைய கெளுத்தி ஒன்று. அதற்குக் கோடுடையது என்று பொருள்படும் இலத்தீன் பெயர் இட்டார். மற்றொன்று தேளி. அதன் பெயருக்கு, தோண்டி எடுக்கப்படுவது என்பது பொருள்.

தேளியைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அதன் பக்க முள் தைத்தால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும்; பெயரிலேயே எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. குளம் வற்றினாலும் சேற்றில் புதைந்து உயிர் வாழும். செவுளிலிருந்து வால்பக்கம் நோக்கி நீண்ட இரு காற்றுப் பைகள் உடம்புக்குள் இருப்பதால் அது வெளிக்காற்றை நேரே உட்கொள்ள வல்லது. பெர்லினில் இருந்த பிளாக் தேளியை உயிருடன் கண்டவரல்லர். தோண்டி எடுக்கப்படுவது என்று பெயரிட்டாரே, அந்தச் செய்தி அவருக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? இங்குள்ளவர் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். எழுதியவருக்கு, கோடையில் மண்வெட்டியும் கூடையுமாய்க் குளத்தில் இறங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். இது என் ஊகம். ஆயினும் வேறு வழி எனக்குப் புலப்படவில்லை.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். அதற்கு முன் ஒரு கப்பலில் ஏற வேண்டும்.

1800-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்திலிருந்து இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. போதேன் என்னும் மாலுமியின் தலைமையில் ஆஸ்திரேலியக் கரைகளை ஆராயச் சென்ற பயணம் அது. ஜெயோகிராப் என்ற கப்பலில் லெஷெனோ என்னும் தாவர அறிஞர் இருந்தார். அதே பயணத்தில் லெசுவேர் என்னும் இளைஞரும் இருந்தார். இவர் பீரங்கிப் படையாளருக்கு உதவியாளாகப் பதிவு செய்து கொண்டு ஏறியவர். பயணத்தின் இடையிலே அவருடைய ஓவியத் திறமை வெளிப்பட, பீரங்கியை விட்டுத் தூரிகையைப் பிடித்தார். அப்பயணம் துன்பம் மிகுந்தது. நோயால் பலர் மாண்டனர். தலைவர் போதேனும் 1803-இல் மொரீசியஸ் தீவில் உயிர் நீத்தார். லெஷெனோ நோயுற்றுத் திமோர் தீவில் இறக்கி விடப்பட்டார். அங்கிருந்து ஜாவாவுக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கி, அந்நாட்டு நச்சு மரங்களை ஆராய்ந்து, பின்னரே தாயகம் திரும்பினார். லெசுவேர் கப்பலோடு 1804-இல் திரும்பி வந்தார். அக்கப்பல்கள் கொணர்ந்த உயிரினப் பொருள்கள் ஒரு லட்சத்தையும் கடந்தவை.

அதன்பின் இருவரும் வெவ்வேறு திசையில் சென்றனர். ஆனால் இருவருக்கும் திருப்புமுனையான ஆண்டு ஒன்றே, 1816. அவ்வாண்டு லெசுவேர், மக்கிளூர் என்ற செல்வரான நிலவியலாரோடு அமெரிக்காவில் இறங்கினார். அவ்வாண்டு மே மாதத்தில் லெஷெனோ இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

லெசுவேரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்த ஆண்டின் கோடையிலேயே அவர் பேரேரிகளின் பக்கம் பயணம் செய்தார். பிலடெல்பியா நகரில் தங்கி, கண்ட மீன்களையெல்லாம் வரைந்தார். 1819-ஆம் ஆண்டில் பாரிஸ் அருங்காட்சியகத்தின் ஏட்டில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. நாம் பழுப்புத் தலையன் என்று சொன்ன மீனை அறிவியலுக்கு முதலில் அறிமுகப்படுத்தியது அக்கட்டுரையே. நெபுலோசஸ் என்று பெயரிட்டவர் அவர். மேகம் படிந்தது என்பது அதன் பொருள். ஓவியரின் கண் அல்லவா! மீன் கையில் துடிக்கும்போதே அதன் தோலின் நிறத்தைக் கண்டவர், அந்த நிறத்தையே பெயராக்கிவிட்டார். அங்கேயே தொன்றுதொட்டு வாழ்ந்து அம்மீனைத் தின்று வந்த பழங்குடியினர் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள் அன்றோ? அப்பெயர் அறிவியல் பெயரில் இடம் பெறவில்லை.

லெஷெனோ வந்த காலத்துப் புதுச்சேரியை நினைத்துப் பாருங்கள். 1793 முதல் ஆங்கிலேயர் கையில் இருந்த ஊர் அது. 1816 டிசம்பரில்தான் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. படை வைத்துக் கோட்டை கட்டும் நாள் முடிந்துவிட்டது. அரசியல் கனவு பொய்த்த இடத்தில் தோட்டமும் நெசவும் வாணிகமும் வளரட்டும் என்று பாரிஸ் எண்ணியது. லெஷெனோ இங்கே அரசுத் தாவரத் தோட்டம் ஒன்றை அமைத்தார். கரும்பு, பருத்தி முதலிய பயிர் வகைகளைப் பிரெஞ்சுத் தீவாகிய பூர்போனுக்கு அனுப்பினார். சென்னை, வங்காளம், இலங்கை ஆகிய இடங்களில் சுற்றுவதற்கு ஆங்கிலேயரிடம் அனுமதி பெற்றார். 1822-இல் தாயகம் திரும்பும் வரை செடி கொடிகளோடு விலங்கு, பறவை, மீன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பாரிசுக்கு அனுப்பிக் கொண்டே இருந்தார். மாலை வேளையில் பழமரங்களை நாடி வரும் ஒருவகை வௌவாலுக்கு அறிவியலில் அவர் பெயரே வழங்குகிறது. புதுச்சேரியிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1820-இல் இட்ட பெயர் அது. ஒரே தோட்டக்காரர் இவ்வளவும் எப்படிச் செய்தார் என்று வியக்கிறோம். அவர் ஒருவராகவா செய்தார்? வலை வீசியவர் யார்? ஏரியில் இறங்கியவர் யார்? இது இன்ன மீன், இன்ன காலத்தில் கிடைக்கும், முள் குத்தினால் கடுக்கும் என்று சொல்லிக் கொடுத்தவர் யார்? அவர்களில் ஒருவர் பெயரும் அறிவியல் பெயர்களில் ஏறவில்லை.

அக்காலத்தில் மீனைச் சேமிக்கும் முறை ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். கண்ணாடிக் குப்பியிலோ பீப்பாயிலோ சாராயம் நிரப்பி, அதில் மீனை இட்டு மூடி, கப்பலேற்றுவார்கள். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல மாதங்கள் பல ஆகும். வடிவம் கெடாது, முள் கெடாது, பல் கெடாது. நிறம் மட்டும் போய்விடும். வெள்ளியும் பொன்னுமாய் மின்னிய மீன் பாரிசில் திறக்கப்படும்போது வெளுத்துப் போன தோலாகவே காட்சி தரும். அம்மீன் எங்கே வாழ்ந்தது, எப்படி நீந்தியது, யார் உண்டார், என்ன பெயரிட்டு அழைத்தார் என்பவற்றையெல்லாம் குப்பியோடு வந்த துண்டுக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

பாரிஸ் அருங்காட்சியகத்தில் அந்நாளில் பேரறிஞர் கூவியே தலைமை வகித்தார். உலகத்து மீன்கள் அனைத்தையும் ஒரு நூலில் அடக்க வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். அவருடைய மாணவராகிய வலென்சியேன் துணை நின்றார். முதல் தொகுதி 1828-இல் வெளிவந்தது. 1832-இல் கூவியே இறந்துவிட, வலென்சியேன் தனியாகவே அப்பெரும் பணியைத் தாங்கி, 1849-இல் இருபத்திரண்டாம் தொகுதி வரை கொண்டு வந்தார். லெஷெனோ புதுச்சேரியிலிருந்து அனுப்பிய மீன்கள் பல அந்நூலில் இடம் பெற்றன. மீசை மீன்களின் முறை பதினான்காம், பதினைந்தாம் தொகுதிகளில் வந்தது. அதற்குள் ஆண்டு 1840 ஆகிவிட்டது. லெஷெனோ அதைக் காண உயிரோடு இல்லை, 1826-லேயே மறைந்துவிட்டார். அங்கேதான் நம் சிறு மீன் பாக்ரஸ் கெலெட்டியஸ் என்னும் பெயருடன் முதன்முதலாக அச்சில் தோன்றியது. முற்சொல் பின்னர் மிஸ்டஸ் என்று மாறியது. அறிவியலில் முற்சொல் மாறுவது இயல்பு. பிற்சொல் நிலைத்து நிற்கும். கெளுத்தி நிலைத்து நின்றுவிட்டது.

ஏன் அமெரிக்க மீனுக்கு மேகமும், நம் மீனுக்கு அதன் ஊர்ப்பெயரும் கிடைத்தன? பெயரிட்டவர் யார் என்பதில் விடை இருப்பதாக நான் எண்ணுகிறேன். லெசுவேர் தம் மீனைக் கண்ணால் கண்டார், கண்டதைப் பெயராக்கினார். வலென்சியேனுக்கு வந்தது நிறம் இழந்த உடலும் ஒரு சொல்லும். அந்த உடலைக் காட்டிலும் அந்தச் சொல்லில்தான் உயிர் மிகுந்திருந்தது போலும்! இது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். பிளாக்கும் உயிருள்ள மீனைக் கண்டவரல்லர்; ஆயினும் அவர் இலத்தீனையே நாடினார். பெயரிடுவோரின் மனப்பாங்கும் இதில் கலந்திருக்கிறது. ஊரார் சொல்லை மதிக்கும் மனப்பாங்கு அக்காலத்து அறிஞர் சிலரிடம் இருந்தது. வங்காளத்தில் பணியாற்றிய புக்கானன் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் ஒரு நூல் வெளியிட்டார். டெங்கரா, ரீட்டா என்று வங்காள மீனவர் வாய்மொழிகளையே அவர் அறிவியல் பெயர்களாக்கினார். அவையும் மீசை மீன்களே.

தமிழுக்கும் கெளுத்தி ஒன்றோடு அந்தப் பேறு நின்றுவிடவில்லை. ஏரியின் புலி என்று சொல்லத்தக்க வாளை மீனின் அறிவியல் பெயர் வலாகோ அட்டு. பிளாக்கின் மறைவுக்குப் பின் அவருடைய குறிப்புகளை ஷ்னைடர் என்பவர் திருத்தி 1801-இல் வெளியிட்ட நூலில் இந்த அட்டு என்னும் சொல் காணப்படுகிறது. ஆற்றுவாளை என்பதன் முற்பாதியே அது என்று கருதுகிறார்கள். 'ஆற்று' என்பதை நம் மக்கள் 'ஆத்து' என்று ஒலிப்பதைக் கேட்டு எழுதியவர், வாளையை விட்டுவிட்டு ஆற்றை மட்டும் பிடித்துக் கொண்டார்! பின்னாளில் சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் மீன்களுக்குரிய தமிழ்ப் பெயர்களையும் குறித்து வைத்தார். மீன்பெயர் அகராதி தொகுக்க விரும்பும் தமிழ் மாணவர் யாராயினும் இன்றும் அந்த ஆங்கில நூலைத் திறந்தாக வேண்டும் என்பதை எண்ணும்போது சற்று நாணமாகத்தான் இருக்கிறது.

பெயர்கள் பயணம் செய்த கதை இது. மீன்களே பயணம் செய்த கதையும் உண்டு. பழுப்புத் தலையனும் அதன் உறவான கருந்தலையனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. பாரிஸ் அருங்காட்சியகத்துத் தொட்டிகளிலிருந்து சில மீன்கள் தப்பிச் சீன் ஆற்றில் கலந்தன என்று அந்நாட்டார் சொல்வதுண்டு. எவ்வழியாகப் போயிருந்தாலும், பிரான்சின் ஆறு குளங்களில் அவை பெருகி, பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. நீர்நிலைகளின் சமநிலையைக் குலைக்கும் இனம் என்று பிரெஞ்சுச் சட்டமே கருந்தலையனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சேற்று நீரைப் பொறுத்தல், காற்றுக் குறைவைத் தாங்கல், எதையும் தின்னல், குஞ்சைக் காத்தல் என்று சொந்த நாட்டில் நாம் பாராட்டிய குணங்கள் எல்லாம் அயல்நாட்டில் பகையாகிவிட்டன.

நமக்கும் அத்தகைய விருந்தாளி வந்து சேர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று மக்கள் சொல்லும் பெரிய மீன் முறையான அனுமதியின்றி நம் நாட்டுக்குள் புகுந்தது. விரைவில் வளர்ந்து எடை கூடுவதால் பண்ணைக்காரர் அதை விரும்பினர். மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அதன் வளர்ப்பைத் தடை செய்தது. தடைக்குப் பின்னும் குட்டைகளில் அது வளர்க்கப்பட்டு, வெள்ளக் காலத்தில் ஏரிகளில் கலந்து, நம் கெளுத்தியையும் தேளியையும் இரையாக்கி வருகிறது. சந்தையில் இன்று கெளுத்தி என்று கேட்டு வாங்குவோர் பலர் வீட்டுக்குக் கொண்டு செல்வது அந்த மீனையே. ஒரு மீன் வந்து மற்றொரு மீனின் இடத்தைப் பிடித்தது. கூடவே அதன் பெயரையும் எடுத்துக் கொண்டது.

எங்கள் கதிர்காமம் இப்போது உழவர்கரை நகராட்சியில் அடங்கிய நெருக்கமான குடியிருப்பு. மருத்துவக் கல்லூரியும் கடைத்தெருவும் பேருந்து நெரிசலுமாக இருக்கும் இவ்விடத்தில் கெளுத்தி எங்கே என்று கேட்டால் மேற்கே கை காட்ட வேண்டும். அங்கே ஊசுட்டேரி இருக்கிறது. தெற்கே பாகூர் ஏரி இருக்கிறது. கல்லூரி மாணவர் சிலரை ஒருமுறை ஊசுட்டேரிக் கரைக்கு அழைத்துச் சென்றேன். விலங்கியல் பயிலும் அவர்கள் மிஸ்டஸ் என்று எழுதத் தெரிந்தவர்கள். கூடையில் கிடந்த மீன்களைக் காட்டி, இவற்றின் பெயர் என்ன என்று கேட்டபோது ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர். கூடைக்குரிய முதியவர்தாம் விரலால் ஒவ்வொன்றாய் ஒதுக்கி, இது நாட்டுக் கெளுத்தி, இது தேளி, இது குறவை, இது வெளிநாட்டது என்று பிரித்துக் காட்டினார். நாட்டுக் கெளுத்தியை அவர் எடுத்த விதத்தைக் கவனித்தேன். முதுகு முள்ளுக்குப் பின்னால் பெருவிரலும், இரண்டு பக்க முட்களுக்கும் பின்னால் மற்ற விரல்களுமாகப் பிடித்துத் தூக்கினார். மீன் கிரீச்சென்று கத்தியது. மாணவர்களில் ஒரு பெண் குறிப்பேட்டைத் திறந்து, அறிவியல் பெயருக்கு எதிரே, அம்முதியவர் சொன்னவாறே, கெளுத்தி என்று எழுதிக் கொண்டாள். பிறகு அவருடைய பெயரையும் கேட்டு அதன் கீழே எழுதினாள்.